சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள்

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்காரவைத்துப் பேசுவது, பால்வினை நோய் இருப்பவர்களைச் சிகிச்சைக்கு அனுப்புவது, எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. கொரோனா இருந்த இரண்டு வருஷத்தில் இந்த வேலையில் பார்த்ததை எழுதச் சொல்லி ஒரு தோழி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதில் வருகிறவர்களின் வயது, ஊர், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். லாரித் தொழிலை மட்டும் மாற்ற முடியவில்லை. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு.

எங்கள் மையத்துக்கு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர் யாரும் கிடையாது. சந்தைக்குப் போகிறேன் என்பார்கள். பேங்கில் கேஸ் மானியம் ஏறிவிட்டதா பார்த்துவருகிறேன் என்பார்கள். பெண்கள் பெரும்பாலும் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கி, அரைமணி நேரத்தில் அடுத்த பஸ் பிடித்துவிடுவார்கள். சந்தை கூடுகிற நாளில் எங்கள் அறை முன்னால் கூட்டம் இருக்கும், மற்ற நாளில் ஈ ஓட்டுவோம். பால்வினை நலம், கருத்தடை, கருக்கலைப்பு என்று அரசு எவ்வளவு நல்ல திட்டம் வைத்திருந்தாலும், அதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது ஜனங்கள் சொல்லிவிட்டு வந்த இந்தச் சின்னச் சின்னப் பொய்களின் மேல்தான். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது முதலில் போனது அந்தப் பொய்கள். சந்தை இல்லை, பஸ் இல்லை, அம்மா வீட்டுக்குப் போக வழியில்லை. மாவட்டம் தாண்ட வேண்டுமென்றால் இ-பாஸ். அதில் கல்யாணம், சாவு, மருத்துவம் என்று காரணம் போட வேண்டும். மருத்துவம் என்று போட்டால் காகிதம் இணைக்க வேண்டும். எந்தக் காகிதத்தை இணைப்பது? அந்தக் காகிதம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தானே பலர் பக்கத்து மாவட்டத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

லாரி ஓட்டுகிற ஒருவர். எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும், அம்மாவுக்கும் தம்பி குடும்பத்துக்கும் தெரியாது. மாத்திரை டப்பா லாரி கேபினில், டூல்ஸ் பெட்டிக்குள் இருக்கும். ஊரடங்கில் லோடு இல்லை, வண்டி பட்டறையில் நிற்கிறது, இவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போகிறேன் என்றால் எதற்கு என்று கேள்வி வரும். மனைவி ஒரு யோசனை செய்தார். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் மாற்றி, மாமியாரின் சுகர் மாத்திரை இருக்கிற அலமாரியிலேயே வைத்துவிட்டார். ஒளித்துவைத்தால்தானே தேடுவார்கள் என்றார் என்னிடம். நானும் ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்: டப்பாவுக்குள் இருக்கிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் கூடவே மாற்றிவிடுங்கள், மாமியார் எடுத்துவிடாமல் மூடியில் ஓர் அடையாளம் வையுங்கள்.

இன்னொருவர் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு போனவர், வடக்கே ஒரு மாநிலத்தில் மாட்டிக்கொண்டார். கையில் இருந்த மாத்திரை பத்து நாளைக்குக்கூட வராது. அப்போது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டு நல்ல காரியம் செய்தது. நிலையாக இருக்கிறவர்களுக்கு ஒரு மாத மருந்துக்குப் பதிலாக மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்றது. எங்கே மாட்டிக்கொண்டாலும் பக்கத்தில் இருக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்றது. அவருடைய சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. எந்த நோய்க்கு நிரந்தர மருந்து சாப்பிடுகிறவராக இருந்தாலும் இதைச் செய்துகொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் போட்டோ போனில், இரண்டு வார மருந்து எப்போதும் உபரி. அந்த உபரியை முன்னால் சாப்பிட்டுப் புதியதைப் பின்னால் வைத்தால் தேதி முடிந்து வீணாகாது.

மூன்று மாத மருந்து என்பது எங்கள் ஆட்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். அப்போதெல்லாம் முடியாது என்றவர்கள், கொரோனா வந்ததும் ஒரு சுற்றறிக்கையில் முடித்தார்கள். நல்லதுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நேரில் வர முடியாதவர்கள் போனில் பேசினார்கள். போனில் ஆலோசனை சொல்வது எங்களுக்கு யாரும் சொல்லித்தராத வித்தை. ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது ஒரு பெண் எப்படிப் பேசுவார்? எடுத்தவுடன், "இப்போ பேசலாங்களா, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்கப் பழகினேன். இருக்கிறார்கள் என்றால் கேள்வியை நான் முழுசாகக் கேட்பேன், அவர் ஆமாங்க, இல்லீங்க என்று மட்டும் சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போயிருக்கா? ஆமாங்க. பத்து நாளுக்கு மேலா? ஆமாங்க. வீட்டில் யாரிடமாவது சொன்னீர்களா? இல்லீங்க. பக்கத்தில் இருப்பவருக்கு அது ரேஷன் கார்டு விஷயம் மாதிரிதான் கேட்கும். ஏப்ரல் மாதம் ரேஷன் கடையில் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள் அல்லவா, அந்த வரிசையில் நின்றுகொண்டு என்னிடம் பேசிய பெண்கள் நிறைய. அரசாங்கம் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு வட்டம் போட்டு நிறுத்தியிருந்ததால், பின்னால் நிற்பவருக்குக் காது கேட்காது. அவ்வளவு தனிமை அவர்கள் வீட்டில் கிடைக்கவில்லை.

அழைப்பு வரலாற்றை அழித்துவிடச் சொல்வேன். என் எண்ணை "கூட்டுறவு சொசைட்டி" என்றோ "தையல் அக்கா" என்றோ பதிந்துகொள்ளச் சொல்வேன். நானாகக் கூப்பிடுவதில்லை, அவர்கள் மிஸ்டு கால் கொடுத்தால் மட்டும் உடனே கூப்பிடுவேன். இப்படிப் பேசத் தோழி, அக்கா யாரும் இல்லாதவர்களுக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிப் பெயர் சொல்லாமலே கேட்கலாம். பொதுவான மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104.

அதிகம் வந்த அழைப்பு எச்.ஐ.வி. பற்றியது அல்ல. நாள் தள்ளிப்போனது பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வழக்கமாகக் கருத்தடை ஆபரேஷன் குறித்த நாளில் நடக்கும். ஊரடங்கு தொடங்கியதும் அதை நிறுத்தினார்கள், காப்பர்-டி போடுவதும் பல இடங்களில் நின்றுபோனது. இரண்டு பிள்ளை போதும், சித்திரையில் ஆபரேஷன் என்று தேதி வாங்கிவைத்திருந்த பெண்கள் ஆடியில் மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தார்கள். கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. எஃப்.ஆர்.எச்.எஸ். இந்தியா என்ற அமைப்பு அந்த மே மாதமே ஒரு மதிப்பீடு வெளியிட்டது. நாடு முழுக்கச் சுமார் 2.5 கோடி தம்பதிகளுக்குக் கருத்தடை கிடைக்காமல் போகலாம், 20 லட்சத்துக்கும் மேல் வேண்டாத கர்ப்பங்கள் உண்டாகலாம் என்று. அது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. ஆனால் எங்கள் தாலுகாவில் இருந்து பார்த்தபோது எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

அப்போது போனில் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. தேதி தாண்டிவிட்டது என்று பதறாதீர்கள், நான்கு வாரம் வரை தாமதமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேலே போனால் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் போட வேண்டும். சாயா என்ற கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. தினமும் ஞாபகம் வைக்க முடியாதவர்களுக்கும், மாத்திரை அட்டையை மறைக்க வேண்டியவர்களுக்கும் இது வசதி. கிராம சுகாதார செவிலியரிடம், அதாவது நர்சம்மாவிடம், இலவசமாகக் கிடைக்கும். ஊரடங்கிலும் ஊருக்குள் நடமாட அனுமதி இருந்தவர்களில் ஒருவர் அவர். கர்ப்பிணிகளைப் பார்க்க வரும்போது பையில் ஆணுறையும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையும் இருக்கும். கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டால் அவரும் வெட்கப்படுவார்.

அவசரக் கருத்தடை மாத்திரை இந்தியா முழுவதும் சீட்டில்லாமல் விற்கலாம் என்று இருக்கிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் மட்டும் பெரும்பாலும் இல்லை என்பார்கள். ஊரடங்குக்கு முன்னால் இங்கே இருந்து பெங்களூரு போய்வருகிற லாரிக்காரர்களிடம் சொல்லி வாங்கிவைத்த பெண்களை எனக்குத் தெரியும். லாரி நின்றதும் அதுவும் நின்றது. உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கடையில் கிடைக்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அரசு விநியோகத்தில் உண்டு. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வது அதைவிட உறுதியான வழி, அப்படியே பல வருஷத்துக்கும் ஆயிற்று.

ஆணுறைக்கு வருவோம். உலக ஆணுறையில் ஐந்தில் ஒன்றைச் செய்யும் மலேசியாவின் கேரெக்ஸ் நிறுவனம் அந்த மார்ச்சில் சில நாள் மூடியது, உலகமே தட்டுப்பாட்டைப் பார்க்கப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் ஊரில் தட்டுப்பாடு வந்தது வேறு விதமாக. எங்கள் அறைக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், ஓர் ஆணுறைப் பெட்டி இருக்கும். யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த நடைபாதை காய்ச்சல் பிரிவாகி, கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். பெட்டி நிறைய ஆணுறை, எடுக்க ஆள் இல்லை. மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கலாமே என்றால், கடை முன்னால் வரிசை, முன்னாலும் பின்னாலும் தெரிந்தவர்கள், ஒவ்வொருவரும் ஆறடி தள்ளி நின்று சத்தமாகக் கேட்க வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷமான ஆளே வாய் திறக்கமாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம், ஆண்கள் கழிப்பறைச் சுவரில் மாட்டினோம். இரண்டே நாளில் காலி. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கடையில் மாத்திரை வாங்கித் தாங்களே கலைத்துக்கொண்டவர்கள்தான் என்னைப் பயமுறுத்தினார்கள். கருக்கலைப்பு அத்தியாவசியச் சேவை, ஊரடங்கிலும் நடக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருந்தது. அது ஜனங்களுக்கு எட்டவே இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் "கொரோனா டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று அலையவிட்டதில் ஒரு பெண்ணுக்கு மூன்று வாரம் போய்விட்டது. மாத்திரையால் கலைப்பது 9 வாரம் வரைதான். மாத்திரை போடுவதற்கு முன்னால் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது, உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுசாக நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், அல்லது காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தால், எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். யார் என்ன கேட்பார்களோ என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருக்கலைப்புச் சட்டத்துக்கு 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கருத்தடை தோற்றுப்போனது என்ற காரணம் கல்யாணமாகாதவர்களுக்கும் செல்லும்.

சரி, வீட்டுக்குள் எல்லாரும் ஒன்றாக இருந்தார்களே, ஆசை கூடியிருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊரடங்குக் குழந்தைகள் என்று வாட்ஸ்அப்பில் ஜோக்கெல்லாம் வந்தது. நான் கேட்டது வேறு. வேலை போன ஆம்பளைக்குக் கடன் ஞாபகம், மூன்று வேளையும் சமைக்கிற பொம்பளைக்கு உடம்பு வலி, நடுவில் ஆன்லைன் வகுப்புக்குப் போனைப் பிடுங்குகிற பிள்ளைகள். அமெரிக்காவில் பாலுறவு பற்றி ஆராயும் கின்சி ஆய்வு மையத்தினர் அப்போது எடுத்த கருத்துக்கணிப்பிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் தாம்பத்தியம் குறைந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள். அப்படிக் குறைவது நோய் இல்லை. அதை நோயென்று நினைத்து ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டதில்தான் சண்டை வந்தது.

டாஸ்மாக் மூடியிருந்த 40 நாளுக்கு மேற்பட்ட காலத்தைப் பற்றிப் பெண்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். சிலருக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிம்மதியான மாதம் வந்ததே இல்லை. புருஷன் கைநடுக்கமும் எரிச்சலுமாகத் திரிந்ததில் சிலருக்கு ராத்திரி என்றாலே பயம். மே 7 அன்று கடை திறந்து, மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொல்லி, அப்புறம் உச்ச நீதிமன்றத் தடையால் மறுபடி திறந்த அந்த வாரத்துக்குப் பிறகு என் போன் மறுபடி வேறு மாதிரி ஒலித்தது. விருப்பமில்லாமல் தொடுவதைச் சகிக்கத்தான் வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம் ஒன்றைச் சொல்வேன். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும், புருஷனாக இருந்தாலும். பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடலாம். போலீஸ் கேஸ் ஆகாமலே பாதுகாப்பு உத்தரவு வாங்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

பால்வினை நோய்க்கு வருகிறவர்கள் 2020-ல் குறைந்தார்கள். நோய் குறையவில்லை. எங்கள் லேப் டெக்னீஷியனையே கோவிட் மாதிரி எடுக்க அனுப்பிவிட்டார்கள். வெட்டை, புண் என்று வருகிறவர்கள் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, சீழ் நின்றதும் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். ஆண்களுக்குச் சீழ் வந்தால் பால்வினை நோய் பார்க்கிற சுகவாழ்வு மையத்தில் சாம்பல் நிறப் பொட்டலம் ஒன்று கொடுப்போம், இரண்டு மருந்து, ஒரே வேளை. மனைவிக்கும் சேர்த்துக் கொடுத்தால்தான் சிகிச்சை முழுமை. கடைக்காரர் மனைவிக்குக் கொடுக்கமாட்டார். வலியில்லாத புண் தானாக ஆறுகிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், அது சிபிலிஸாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சந்தேகப்படும் உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க முடியும், 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் உடனே ஒரு பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று.

திருநங்கையருக்குக் கூவாகம் வெறும் திருவிழா இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் பரிசோதனை செய்துகொள்கிற இடமும் அதுதான் பலருக்கு. 2020-லும் 2021-லும் கூத்தாண்டவர் விழா நடக்கவில்லை. பாலியல் தொழிலில் இருந்தவர்களுக்கு வருமானம் ஒரே நாளில் நின்றது. அடையாள அட்டை கேட்காமல் ரேஷன் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் சொல்வதற்குச் செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் ஆணுறை இல்லாமல் வந்தால் கூடக் காசு தருகிறேன் என்ற ஆளை மறுக்க முடியாத நிலைமைக்குப் போனவர்கள் இருந்தார்கள். பசியோடு இருப்பவரிடம் பாதுகாப்பு பற்றிப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது. களப்பணியாளர்கள் மாத்திரையோடு அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது.

இரண்டாவது அலை முடிந்து ஆண்கள் வேறு கேள்வியோடு வந்தார்கள். கொரோனா வந்து தேறியபின் "முன்ன மாதிரி இல்லீங்க" என்று ஆரம்பித்துத் தரையைப் பார்ப்பார்கள். மாதத்துக்கு ஒரு முறை லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற பரம்பரை வைத்தியர்கள் ஊரடங்கில் வர முடியாமல் போனில் லேகியம் விற்றுக்கொண்டிருந்தார்கள், அதில் பல ஆயிரம் விட்டவர்கள் உண்டு. கோவிட் ரத்தக் குழாய்களின் உள்சுவரைப் பாதிக்கிற நோய். எழுச்சிக்கு ரத்த ஓட்டம்தானே ஆதாரம். அதோடு ஆஸ்பத்திரியில் போட்ட ஸ்டீராய்டில் பலருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. முதலில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க அனுப்புவேன். என்னிடம் வந்தவர்களில் பலருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்து, நடக்க ஆரம்பித்து, தூக்கம் சரியானதும் அதுவும் சரியாயிற்று. கடையில் தானாக வீரிய மாத்திரை வாங்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் போதும்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

தடுப்பூசி போட்டால் ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் இதே ஆண்களிடம்தான் அதிகம். 2021 ஜனவரியில் அனுமதி கொடுத்த அன்றே மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அது சுத்த அபத்தம் என்று மறுத்தார். எங்கள் ஊரில் அது எடுபடவில்லை. ஊசி போட்டு ஆறு மாதத்தில் மனைவி உண்டான ஒரு டிரைவர் டீக்கடையில் தானே போய்ச் சொன்னார், அது எடுபட்டது.

இளவட்டங்களிடம் இருந்து வந்தது இன்னொரு வகை. முகம் தெரியாத பெண்ணின் வீடியோ கால், இவன் சட்டையைக் கழற்றுவதற்குள் பதிவு செய்து, அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன் என்று பணம் கேட்பது. ஊரடங்கில் கையில் போனோடு தனியாக இருந்த பையன்கள் இதில் விழுந்தார்கள். சிலர் சாகப் போவதாக எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பணம் கட்டினால் நிற்காது, அடுத்த தொகையைக் கேட்பான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு எண்ணை முடக்கிவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. வீட்டில் ஒரே ஒரு பெரியவரிடமாவது முதலிலேயே சொல்லிவிட்டால் மிரட்டுகிறவன் கையில் ஆயுதம் இல்லை. யாரிடம் சொல்வது என்று அவர்கள் கேட்டால், அம்மாவைவிட அத்தையோ சித்தப்பாவோ நல்லது என்பேன். நான் பார்த்தவரை அத்தைகள் திட்டினாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.